டேபிள்களை நகர்த்திய பிறகுதான் வேலை ஆரம்பித்தது

பல வருடங்களாக, இரவு கிளம்புவதற்கு முன் நான் செய்யும் கடைசி வேலை ஒரு ஃபோல்டரைத் திறந்து பார்ப்பது. எங்கள் நிறுவனத்தின் தரவு முழுவதும் இருந்த அக்சஸ் (மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருள்) கோப்பு அதில்தான் இருந்தது. அதன் பக்கத்தில், அதே பெயரில், ஒரு கிலோபைட் கூட வராத குட்டிக் கோப்பு ஒன்று தோன்றி மறையும். முதல் ஆள் தரவுத்தளத்தைத் திறந்ததும் வந்துவிடும், கடைசி ஆள் மூடியதும் போய்விடும். யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று ஆளுக்கு 64 பைட் வீதம் குறித்து வைக்கும் பூட்டுக் கோப்பு அது. எல்லோரும் கிளம்பிய பிறகும் அது அங்கேயே கிடந்தால், எங்கோ ஒரு கணினியில் நிரல் மூடப்படாமல் இருக்கிறது, இல்லை பாதியில் நின்றுபோயிருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் எடுக்கும் பேக்கப்பை நம்ப முடியாது. எந்தக் கணினி என்று ஒவ்வொன்றாகத் தேடிப் போய் மூடிவிட்டு வந்துதான் நகல் எடுப்பேன்.

இயந்திரங்களைப் பழுது பார்த்துக் கொடுக்கும் சர்வீஸ் நிறுவனம் அது. வரும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு ஜாப் கார்டு, அதற்குப் போட்ட உதிரிபாகங்கள், எந்த டெக்னீஷியன் எத்தனை மணி நேரம் பார்த்தார் என்ற கணக்கு, கடைசியில் பில். இவ்வளவுக்கும் சேர்த்து நான் தனியாளாக எழுதிய நிரல். 3 பேருக்காக ஆரம்பித்து 14 பேர் வரை வந்துவிட்டது.

அக்சஸைக் குறை சொல்லும் பேச்சில் நான் சேர மாட்டேன். 1992-இல் வெளிவந்த அந்த மென்பொருள், டேபிளையும் குவெரியையும் (தரவிடம் கேட்கும் கேள்வி) ஃபார்மையும் (தரவை உள்ளிடும் திரை) ரிப்போர்ட்டையும் ஒரே கோப்பில் வைத்துக் கொடுத்தது. நிரல் எழுதுவதைத் தொழிலாகக் கொள்ளாத எத்தனையோ பேர் தங்கள் வேலைக்குத் தேவையானதைத் தாங்களே செய்துகொள்ள முடிந்தது அதனால்தான். நானும் அப்படித்தான் இதற்குள் வந்தேன். அது வேலை செய்யும் விதத்தில் ஒரு எல்லை இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், மற்ற எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. பகிர்ந்த ஃபோல்டரில் கோப்பை வைத்து 14 பேர் திறக்கும்போது, ஃபோல்டர் இருக்கும் கணினி தரவைப் பற்றி ஒன்றும் அறியாது. அதற்கு அது வெறும் ஒரு கோப்பு. கேள்விக்குப் பதில் தேடும் எஞ்சின் 14 கணினிகளிலும் தனித்தனியாக ஓடுகிறது. ‘போன வாரம் வந்த ஜாப் கார்டுகள்’ என்று நான் கேட்டால், என் கணினியில் இருக்கும் எஞ்சின் நெட்வொர்க் வழியாகக் கோப்பின் இண்டெக்ஸ் (எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணை) பக்கங்களை எடுத்துவந்து, பிறகு தரவுப் பக்கங்களை 4 கிலோபைட் துண்டுகளாக எடுத்துவந்து, என் நினைவகத்தில் வைத்துத் தேடுகிறது. எழுதும்போதும் அப்படியே. 14 எஞ்சின்கள் ஒரே கோப்பின் பக்கங்களைத் தங்கள் கையாலேயே திருத்துகின்றன. ஏட்டில் 255 பேர் வரை ஒரே நேரத்தில் திறக்கலாம். ஆனால் அந்த 14 பேரில் ஒருவருடைய இணைப்பு, பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் அறுந்தால், பாதி எழுதிய பக்கம் எல்லோருக்கும் பொதுவான கோப்பில் கிடக்கும்.

எங்களுக்கு அது ஒரு மதியம் நடந்தது. புதிதாக வந்த மடிக்கணினி ஒன்று வயர்லெஸ் இணைப்பில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இணைப்பு ஒரு கணம் விட்டுப்போனது. அடுத்து யார் திறந்தாலும் தரவுத்தள வடிவத்தை அடையாளம் காண முடியவில்லை என்ற செய்தி. கோப்பைச் சுருக்கிப் பழுது பார்க்கும் காம்பாக்ட் அண்ட் ரிப்பேர் வசதியை ஓட்டியதும் கோப்பு திறந்தது, ஆனால் அன்று காலையிலிருந்து போட்ட ஜாப் கார்டுகளில் பாதியைக் காணவில்லை. கணக்குப் பிரிவில் இருந்த அக்கா காகிதச் சீட்டுகளை எல்லாம் சேகரித்து, இரவு வரை உட்கார்ந்து மறுபடி ஏற்றினார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் பாரமாக இருந்தது.

கோப்பும் பெருத்துக்கொண்டே இருந்தது. அக்சஸ் கோப்பு 2 ஜிபிக்கு மேல் வளர முடியாது. எங்களுடையது காம்பாக்ட் செய்த பிறகே 1.7 ஜிபி. சரி, இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று முடிவு செய்தேன்.

ஃபார்ம்களும் ரிப்போர்ட்டுகளும் அக்சஸிலேயே இருக்கட்டும், டேபிள்கள் மட்டும், கேள்விக்குத் தானே தேடிப் பதில் சொல்லும் ஒரு தரவுத்தள சர்வருக்குப் போகட்டும் என்பது திட்டம். 14 பேரும் கண்ணை மூடிக்கொண்டே தட்டச்சு செய்யும் அளவுக்குப் பழகிய திரைகள் அவை. அவற்றையும் சேர்த்து மாற்றினால், தவறு தரவில் இருக்கிறதா, திரையில் இருக்கிறதா, பழக்கத்தில் இருக்கிறதா என்று பிரித்தே பார்க்க முடியாது. இப்படிப் பாதியை மட்டும் மாற்றுவதைச் சிலர் அரைகுறை வேலை என்பார்கள். எனக்கு இன்றும் இதுதான் சரியான வழி என்று தோன்றுகிறது.

சர்வராக எஸ்.கியூ.எல். சர்வர் எக்ஸ்பிரஸை எடுத்தேன். இலவசம். 2008 ஆர்2 பதிப்பிலிருந்து 2022 பதிப்பு வரை அதில் ஒரு தரவுத்தளம் 10 ஜிபி வரை வளரலாம். போஸ்ட்கிரெஸ் என்ற மற்றொரு தரவுத்தள சர்வரையும் யோசித்தேன். புதிதாக ஒரு வலைப் பயன்பாடு எழுதுவதென்றால் அதைத்தான் எடுத்திருப்பேன். ஆனால் அக்சஸ் திரைகளை அப்படியே வைத்துக்கொள்வதென்று முடிவான பிறகு, இரண்டுக்கும் இடையில் தரவு வகைகள் எவ்வளவு ஒத்துப்போகிறதோ அவ்வளவு நல்லது. அக்சஸிலிருந்து டேபிள்களை நகர்த்தித் தருவதற்கென்றே மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் மைக்ரேஷன் அசிஸ்டென்ட் கருவியும் இருந்தது. (பழைய குறிப்புகளைப் படிப்பவர்கள் அக்சஸுக்குள்ளேயே இருக்கும் அப்சைசிங் விசார்டைத் தேடுவார்கள். 2013 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள்.)

ஒரு மாலையில் எல்லா டேபிள்களும் நகர்ந்துவிட்டன. அக்சஸிலிருந்து அவற்றை அதே பெயரில் லிங்க் செய்தேன், திரைகள் திறந்தன. மறுநாள் காலை எல்லோரும் வேலையை ஆரம்பித்த அரை மணி நேரத்தில் எனக்கு அழைப்பு வந்தது.

“தம்பி, முன்னாடி இதைவிட வேகமா இருந்துச்சே?” என்றார் அக்கா.

உண்மைதான். ஜாப் கார்டு திரை திறக்க முன்பு இரண்டு நொடி ஆகும், இப்போது இருபது நொடி ஆனது. நிலுவைப் பட்டியல் இன்னும் மோசம். சர்வருக்குப் போனால் வேகம் தானாக வரும் என்று நான் நம்பியிருந்தேன். அன்று மாலையே பழைய கோப்புக்குத் திரும்பினேன். பிறகு இரண்டு வாரம், தனியே ஒரு நகலை வைத்துக்கொண்டு, சர்வரின் எக்ஸ்டெண்டெட் ஈவென்ட்ஸ் வசதியில் அக்சஸ் உண்மையில் என்னதான் கேட்கிறது என்று வரி வரியாகப் பார்த்தேன்.

அந்த இரண்டு வாரத்தில் கற்றதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. என் ஜாப் கார்டு ஃபார்ம் முழு டேபிளின் மேல் கட்டப்பட்டிருந்தது. திறந்ததும் இரண்டு லட்சத்துச் சொச்சம் ரெக்கார்டுகளும் அதன் கைக்குள் இருக்கும். எண்ணைக் கொடுத்தால் நிரல் அவற்றுக்குள் தேடிப் போய் நிற்கும். கோப்பாக இருந்தபோது இது சரியாகவே ஓடியது, ஏனென்றால் எஞ்சினும் தேடலும் ஒரே கணினியில் இருந்தன, இண்டெக்ஸையும் அதுவே நேராகப் படித்தது. லிங்க் செய்த டேபிளில் அக்சஸ் செய்வது வேறு. முதலில் எல்லா ரெக்கார்டுகளின் முதன்மை எண்களையும் கேட்கிறது. அவை வந்த பிறகு, திரையில் காட்ட வேண்டிய ரெக்கார்டுகளைப் பத்துப் பத்தாகக் கேட்கிறது: இந்த எண், அல்லது இந்த எண், அல்லது இந்த எண் என்று ஒரே வாக்கியத்தில் பத்து எண்கள். பத்து வந்ததும் அடுத்த பத்து. சர்வர் ஒவ்வொன்றுக்கும் கண் இமைக்கும் நேரத்தில் பதில் சொல்கிறது. கேள்விகளின் எண்ணிக்கைதான் தாங்கவில்லை.

நிலுவைப் பட்டியலில் வேறொரு சிக்கல். ஒரு இயந்திரம் வந்து எத்தனை வேலை நாட்கள் ஆகின்றன என்று, விடுமுறைகளைக் கழித்துக் கணக்கிடும் ஒரு ஃபங்ஷனை விபிஏ-வில் (அக்சஸுக்குள் இருக்கும் நிரல் மொழி) எழுதி, அதைக் குவெரியின் நிபந்தனையிலேயே வைத்திருந்தேன். நான் எழுதிய ஃபங்ஷன் சர்வருக்குத் தெரியாது. அதனால் அக்சஸ் என்ன செய்யும்? மொத்த ரெக்கார்டுகளையும் தன்னிடம் வரவழைத்து, ஒவ்வொன்றாக என் ஃபங்ஷனுக்குள் விட்டு, தேவையில்லாதவற்றை எறிந்துவிடும். நாற்பது வரி காட்டுவதற்கு இரண்டு லட்சம் வரி நெட்வொர்க்கில் வந்துகொண்டிருந்தது. அதே பட்டியலில் வாடிக்கையாளர் பெயருக்கு ஒரு டிலுக்கப் (வேறு டேபிளிலிருந்து ஒரு மதிப்பைத் தேடித் தரும் அக்சஸ் ஃபங்ஷன்). அது வரிக்கு ஒரு தனிக் கேள்வி.

நான் இடம் மாற்றியது டேபிள்களை மட்டும்தான். கேள்விக்குப் பதில் தேடும் வேலை இன்னும் பழைய இடத்திலேயே, அந்த 14 கணினிகளிலேயே நடந்துகொண்டிருந்தது. நகர்த்த வேண்டியது அதைத்தான். இது புரிந்த பிறகு செய்ய வேண்டியது ஒவ்வொன்றாகத் தெளிவாகிவிட்டது. ஜாப் கார்டு திரை இப்போது காலியாகத் திறக்கும். மேலே ஒரு பெட்டி. எண்ணோ, இயந்திரத்தின் சீரியல் எண்ணோ கொடுத்தால், அந்த ஒரே ஒரு ரெக்கார்டை மட்டும் சர்வரிடம் கேட்டு வாங்கும். விடுமுறை நாட்களை ஒரு டேபிளாக சர்வரிலேயே வைத்தேன். வேலை நாள் கணக்கும், வாடிக்கையாளர் பெயரை இணைப்பதும் ஒரு வியூவுக்குள் (சர்வரிலேயே சேமித்து வைக்கும் குவெரி) போயின. அக்சஸ் அந்த வியூவை ஒரு டேபிள் போலவே பார்க்கிறது. மாத ரிப்போர்ட்டுகளைப் பாஸ்-த்ரூ குவெரியாக்கினேன். அதில் நாம் எழுதும் வாக்கியத்தை அக்சஸ் தொடாமல் அப்படியே சர்வருக்கு அனுப்பிவிடும். வருகிற விடையில் திருத்தம் செய்ய முடியாது, ஆனால் ரிப்போர்ட்டுக்கு அது தேவையும் இல்லை. அங்கே நட்சத்திரக் குறிக்குப் பதில் சதவீதக் குறி, தேதிக்கு இருபக்கமும் போடும் ஹேஷ் (#) குறிக்குப் பதில் மேற்கோள் குறி என்று எழுத்து நடையும் கொஞ்சம் மாறும். ஆயிரக்கணக்கான பெயர்களை மொத்தமாக இறக்கிக்கொண்டிருந்த காம்போ பாக்ஸ், மூன்று எழுத்துகள் தட்டிய பிறகே பட்டியலைக் கேட்கும்படி ஆயிற்று. இருபது நொடி எடுத்த திரை இப்போது ஒரு நொடிக்குள் வந்தது.

அடுத்தது தரவின் அழுக்கு. இதைப் பற்றி யாரும் முன்கூட்டி எச்சரிக்கவில்லை, ஒருவேளை எல்லோருடைய வீட்டிலும் இருப்பதாலோ என்னவோ. அக்சஸ் கி.பி. 100 முதலான எந்த ஆண்டையும் ஏற்கும். 2013 என்று அடிக்கும்போது ஒரு எண் விட்டுப்போய் 203 ஆனாலும் வாங்கிக்கொள்ளும். எஸ்.கியூ.எல். சர்வரின் பழைய டேட்டைம் வகை 1753 ஜனவரி 1-க்கு முந்தைய தேதியை ஏற்காது. பிரிட்டன் கிரெகோரியன் நாட்காட்டிக்கு மாறியது 1752 செப்டம்பரில், அதனால்தான் அந்த எல்லை. டேட்டைம்2 என்ற புதிய வகை கி.பி. 1-இலிருந்தே ஏற்கும். அதை எடுத்திருந்தால் பிழைச் செய்தி வந்திருக்காது, தவறான தேதியும் அப்படியே சர்வருக்குள் போய் உட்கார்ந்திருக்கும். நான் பழைய வகையை வைத்து ஒரு முறை ஓட்டி, எது எது விழுகிறது என்று பட்டியல் எடுத்தேன். 31 தேதிகள். காகித ஜாப் கார்டுகளை எடுத்துப் பார்த்து 31-ஐயும் திருத்தினோம்.

அனாதை வரிகள் இன்னும் கடினம். உதிரிபாக டேபிளில் சில நூறு வரிகள், அவை சேர்ந்த ஜாப் கார்டு எண் எங்குமே இல்லை. ஆரம்ப காலத்தில் நான் இரண்டு டேபிள்களுக்கும் இடையே கட்டுப்பாடு எதுவும் வைக்கவில்லை. அந்த வரிகள் இருக்கும்வரை சர்வர் ஃபாரின் கீயைப் (இல்லாத கார்டு எண்ணை ஏற்காத கட்டுப்பாடு) போட விடாது. அழித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அழிப்பதற்கு முன் அக்காவிடம் காட்டியது எவ்வளவு நல்லதாகப் போயிற்று.

“அதை அழிச்சிடாதீங்க தம்பி. வாடிக்கையாளர் வேலை வேண்டாம்னு சொன்னா கார்டை அழிச்சிடுவோம். ஆனா பாகத்தைப் பிரிச்சுப் போட்டுப் பார்த்திருப்பாங்கல்ல, அது ஸ்டாக்ல குறைஞ்சதுதானே?”

பல வருடங்களாக ஸ்டாக் கணக்கு சரியாக இருந்ததே அந்த அனாதை வரிகளால்தான். நிரலில் ‘ரத்து’ என்று ஒரு நிலை இல்லாததால், அழிப்பதையே ரத்தாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நான் எழுதிய நிரலைப் பற்றி எனக்கே தெரியாத ஒரு விதி அது. ரத்து என்ற நிலையைச் சேர்த்து, காணாமல் போன கார்டுகளை அந்த நிலையில் மறுபடி உருவாக்கி, வரிகளை அவற்றோடு கட்டினேன். அதன் பிறகே ஃபாரின் கீ.

சின்னச் சின்ன முட்கள் வேறு. ஆம்/இல்லை வகைக்கு அக்சஸில் உண்மை என்பது -1, சர்வரில் 1. -1-க்குச் சமமா என்று கேட்கும் வரிகளை எல்லாம் பூஜ்யம் அல்லாததா என்று மாற்றினேன். ஒரு திரையில் எதைச் சேமித்தாலும், இந்த ரெக்கார்டை வேறொரு பயனர் மாற்றிவிட்டார் என்று செய்தி வரும். வேறு யாருமே அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். காரணம் இதுதான்: சேமிக்கும்போது அக்சஸ் எல்லாப் பத்திகளின் பழைய மதிப்பையும் சர்வரில் இருப்பதோடு ஒப்பிடுகிறது. ஆம்/இல்லை பத்தியில் சர்வர் நல் (null, மதிப்பே இல்லாத வெற்று நிலை) வைத்திருந்தால், அந்த வகையில் நல் என்பதையே அறியாத அக்சஸ் அதை ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்ளும். ஒப்பீடு பொருந்தாது. அந்தப் பத்திகளில் நல்லைத் தடுத்து, பூஜ்யத்தை இயல்பு மதிப்பாக்கி, டேபிளுக்கு, வரி மாறும்போதெல்லாம் தானாக மாறும் ஒரு ரோவெர்ஷன் பத்தியும் சேர்த்ததும் சரியானது. அப்புறம் அக்சஸ் அந்த ஒரு பத்தியை மட்டும் பார்த்து முடிவு செய்துகொள்கிறது.

தமிழில் எழுதிய குறிப்புகள் வரிசையாகக் கேள்விக்குறிகளாக மாறியதும் ஒரு நாள் நடந்தது. பத்தியின் வகை, எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் என்வார்கார் (nvarchar) ஆகத்தான் இருந்தது, ஆனால் ஒரு பாஸ்-த்ரூ வாக்கியத்தில் மேற்கோளுக்கு முன் போட வேண்டிய ‘N’ என்ற ஒற்றை எழுத்தை விட்டிருந்தேன். கேள்விக்குறியாகப் போனது போனதுதான், மீட்க வழியில்லை. ஒரு தமிழ் எழுத்தாவது உள்ள ரெக்கார்டை ஏற்றி, திரும்ப எடுத்துப் படித்துப் பாருங்கள் என்று இந்த வேலையைத் தொடங்கும் எல்லோரிடமும் இப்போது முதல் நாளே சொல்கிறேன்.

ஜாப் கார்டு எண் வேறு கதை. அக்சஸில் புதிய ரெக்கார்டில் ஓர் எழுத்து தட்டியதும் ஆட்டோநம்பர் (தானாகப் போடப்படும் வரிசை எண்) வந்துவிடும். அதை நம்பி, சேமிப்பதற்கு முன்பே சீட்டு அச்சடிக்கும்படி எழுதியிருந்தேன். சர்வரில் சேமித்த பிறகுதான் எண் பிறக்கும். அதைத் திருத்திய சில வாரங்களில் ஒரு மின்வெட்டு. மறுநாள் முதல் கார்டின் எண் ஏறத்தாழ ஆயிரம் தாண்டி வந்தது. எஸ்.கியூ.எல். சர்வர் 2012 முதல் இந்த எண்களைக் கூட்டமாக முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்கிறது. திடீரென்று நின்றால் எடுத்து வைத்தவை வீணாகும். தரவுக்கு இதனால் கேடு ஒன்றும் இல்லை, ஆனால் நடுவில் ஆயிரம் கார்டுகள் எங்கே என்று கேட்பவருக்குப் பதில் சொல்ல வேண்டுமே. அன்று முதல் மனிதர்கள் பார்க்கும் கார்டு எண் வேறு, டேபிளின் உள் எண் வேறு என்று பிரித்துவிட்டேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது.

மொத்தத்தில் நான்கு மாதம் ஆயிற்று. டேபிள்களை நகர்த்த ஒரு மாலை, மீதி எல்லாம் மேலே சொன்னவை. 14 கணினிகளிலும் அக்சஸை சர்வரோடு இணைக்கும் ஓ.டி.பி.சி. டிரைவர் போட்டது, இணைப்பு விவரத்தை நிரலுக்குள்ளேயே வைத்தது, விண்டோஸ் கணக்கின் மூலமே உள்ளே வர வைத்தது எல்லாம் ஒரு நாள் வேலை.

பேக்கப் இப்போது இரவில் ஒரு முழு நகல், பகலில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை லாக் (நடந்த மாற்றங்களின் பதிவு) நகல். எக்ஸ்பிரஸில், வேலைகளைக் குறித்த நேரத்தில் ஓட்டும் ஏஜென்ட் கிடையாது என்பதால் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலர் வைத்து ஓட்டுகிறேன். யார் உள்ளே இருந்தாலும் நகல் எடுக்கலாம், எடுத்தது முழுமையாக இருக்கும். மாதம் ஒருமுறை வேறு கணினியில் மீட்டு, திறந்து, எண்ணிக்கைகளை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் கணக்கில் சேர்ப்பதில்லை.

அதன் அருமை ஒரு காலையில் தெரிந்தது. உதிரிபாக விலைகளைத் திருத்த வந்தவர், ஒரு பிராண்டுக்கு மட்டும் மாற்ற வேண்டியதை எல்லாப் பாகங்களுக்கும் மாற்றிவிட்டார். 10:42-க்கு என்று சர்வரின் பதிவில் நேரம் இருந்தது. முந்தைய இரவின் முழு நகலை வேறு பெயரில் மீட்டு, அதன் மேல் லாக் நகல்களை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றி, 10:41-இல் நிறுத்தினேன். தவறு நடப்பதற்கு ஒரு நிமிடம் முந்தைய தரவுத்தளம் அப்படியே வந்து நின்றது. அதிலிருந்து விலைப் பத்தியை மட்டும் எடுத்து நடப்பு டேபிளில் வைத்தேன். அக்காவும் மற்றவர்களும் அந்த நேரம் முழுவதும் ஜாப் கார்டு போட்டுக்கொண்டேதான் இருந்தார்கள்.